கரும்பலகையில் அடித்துத் திருத்தும் தமிழாசிரியர்கள் வேண்டும்

செய்யுளுக்கோ உரைநடைக்கோ பாடக்குறிப்பு எழுதச் சொன்னால் பி.எட். தமிழ் மாணவர்கள் தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். கட்டுரைப் பாடத்துக்கு எழுதச் சொன்னால்தான் பேனா நின்றுவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் சில நிமிடம் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் வினா கேட்டல், விளக்குதல், வலுவூட்டல், கரும்பலகைப் பயன்பாடு என்று பல திறன்களைப் பழகுகிறார்கள். எழுதக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் அந்த வரிசையில் இருப்பதில்லை.

இதன் விளைவை எந்த ஒன்பதாம் வகுப்பிலும் பார்க்கலாம். பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் தலைப்பும் குறிப்புகளும் கரும்பலகையில் ஏறும், மீதி வீட்டுப்பாடம். இல்லாவிட்டால் ஆசிரியரே முழுக் கட்டுரையையும் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நாற்பது கட்டுரை ஏட்டிலும் ஒரே முன்னுரை, ஒரே மேற்கோள், ஒரே முடிவுரை. பத்தாம் வகுப்புத் தேர்வில் கட்டுரைக்குரிய 8 மதிப்பெண் எப்படியோ வந்துவிடுவதால் யாரும் குறை சொல்வதில்லை. சொந்தமாக ஒரு பத்தி எழுத வராமலே பிள்ளை பள்ளியை முடித்துவிடுவது பெரிய இழப்பு.

முதலில் பயிற்சி மாணவர்களே எழுதிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே தலைப்பு, 30 நிமிடம், கையில் கைபேசி கூடாது. முடித்ததும் எங்கே நின்றீர்கள், எதை அடித்தீர்கள், ஏன் அடித்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான் வகுப்பில் காட்ட வேண்டிய பாடம்.

அதைக் காட்டும் இடம் கரும்பலகை. எட்டுப் பத்து நிமிடம், ஒரே ஒரு பத்தி, வாய்விட்டு யோசித்தபடி எழுத வேண்டும். ‘எங்கள் ஊரில் பேருந்து வசதி சரியில்லை’ என்று எழுதி நிறுத்துங்கள். சரியில்லை என்றால் என்ன? வருவதே இல்லையா, நேரத்துக்கு வருவதில்லையா? வகுப்பைக் கேட்டுவிட்டு அந்த வரியை அடித்து, ‘காலை 7.40-க்குப் பிறகு எங்கள் ஊருக்குப் பேருந்து கிடையாது’ என்று எழுதுங்கள். ஆசிரியரும் அடித்துத்தான் எழுதுகிறார் என்பதைப் பல பிள்ளைகள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். பயிற்சி மாணவர்கள் இதில் செய்யும் தவறு, வீட்டில் மனப்பாடம் செய்து வந்து தங்குதடையின்றி எழுதிவிடுவது. அதைத் தடுக்க, பயிற்சியின்போது தலைப்பை உடன்படிக்கும் ஒருவர் அந்த நிமிடத்தில்தான் கொடுக்க வேண்டும். பள்ளியில், பிள்ளைகள் எழுதத் தொடங்கும்முன் பலகையை அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் அந்தப் பத்தி நாற்பது ஏட்டிலும் அப்படியே வந்துவிடும்.

தலைப்பில் யாருக்கு, எதற்காக எழுதுகிறோம் என்பது இருந்தால் போதும். ‘மரம் வளர்ப்போம்’ என்பதைவிட, ‘பள்ளி வாசலில் உள்ள வேப்பமரத்தை வெட்ட வேண்டாம் என்று ஊராட்சித் தலைவருக்கு ஒரு பக்கம் எழுதுக’ என்பது பிள்ளையை யோசிக்க வைக்கும்.

திருத்துவதுதான் கடினமான பகுதி. பிள்ளைகள் எழுதிய ஐந்து கட்டுரைகளைப் பெயரை மறைத்துப் படியெடுத்துப் பயிற்சி மாணவர்களுக்குக் கொடுங்கள்; ஒவ்வொருவரும் தனித்தனியே 8-க்கு மதிப்பெண் போடட்டும். ஒரே தாளுக்கு ஒருவர் 3 போட்டிருப்பார், இன்னொருவர் 6 போட்டிருப்பார். கையெழுத்தும் ஒற்றுப்பிழையும் முதலில் கண்ணில் பட்டு, சொன்ன செய்தி பின்னால் போய்விடுவதே காரணம். கருத்துக்கு 4, ஒழுங்குக்கு 2, மொழிக்கு 2 என்று பிரித்துக்கொண்டு மறுபடி போட்டால் இடைவெளி குறையும்.

முதல் வாசிப்பில் சிவப்புப் பேனாவைத் தொடக் கூடாது. பிறகு, கருத்தைப் பற்றி ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘பேருந்து வராததால் யாருக்கு என்ன இழப்பு?’ பிழைகளில் ஒரு சுற்றுக்கு ஒரு வகை போதும். இந்த முறை ஐ, கு உருபுகளுக்குப் பின் வரும் வல்லொற்று (அவனைப் பார்த்தேன், ஊருக்குப் போனேன்). அடுத்த முறை ‘பறவைகள் பறந்தது’ போன்ற ஒருமை பன்மை மயக்கம். பிழையுள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் பிள்ளையே தேடித் திருத்தும். பக்கம் முழுக்கச் சிவப்பாக்கினால் எதையும் படிக்காமல் ஏட்டை மூடிவிடும். ல, ள, ழ மயக்கம் விதியால் தீராது. சொற்பட்டியலும் திரும்பத் திரும்ப எழுதுவதும் வேண்டும். ஏட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் நாற்பதுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒரே இரவில் முடிக்க நினைத்தால் கடைசிப் பத்து ஏடுகளுக்கு வெறும் கையெழுத்துத்தான் கிடைக்கும். நாளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சியில் ஒரு தலைப்புக்கு மூன்று பாடவேளை கேட்டு வாங்குங்கள்: முதல் வரைவு, திருத்தம், செம்மைப்படி. முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே சில நாள் இடைவெளி இருந்தால்தான் ஏடுகளைப் படிக்க நேரம் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் பாடம் முடியவில்லை என்று வழிகாட்டி ஆசிரியர் தயங்கினால் எட்டிலோ ஒன்பதிலோ கேளுங்கள். பார்வையிட வரும் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: வண்ண அட்டை போட்ட பாடக்குறிப்பேட்டோடு, ஒரே பிள்ளையின் முதல் வரைவையும் கடைசி வரைவையும் சேர்த்துக் கேளுங்கள்.