புலனுணர்வும் புலன்காட்சியும்

உளவியல் பாடநூலைத் திறந்தவுடன் இடறிவிடும் சொல் இணை இது. ஆங்கிலத்தில் சென்சேஷன், பெர்செப்ஷன். முதலாவதைப் புலனுணர்வு என்றும் இரண்டாவதைப் புலன்காட்சி என்றும் தமிழில் வழங்குகிறோம். இலங்கை நூல்கள் புலக்காட்சி என்று எழுதுவதுண்டு.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய பொறிகளில் ஒளியோ ஒலியோ வேறு தூண்டலோ பட்டு, அது நரம்புத் துடிப்பாக மாறி மூளைக்குச் செல்வதால் எழும் முதல் உணர்வே புலனுணர்வு. வந்த செய்தியை மூளை வகைப்படுத்தி, 'இது இன்னது' என்று பொருள் கொள்வது புலன்காட்சி. இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடுத்தடுத்து நடப்பதால் நமக்கு ஒன்றாகவே படுகின்றன.

தமிழ் அறியாத ஒருவரிடம் 'பல், பள், பழ்' என்று சொல்லிப் பாருங்கள். நம் காதில் விழும் அதே ஒலியலைகள்தாம் அவர் காதிலும் விழுகின்றன. ஆனாலும் மூன்றும் ஒன்றுபோலவே அவருக்குக் கேட்கக்கூடும். கேட்கும் திறனில் குறை இல்லை, பிரித்தறியும் பழக்கம்தான் இல்லை. தொடர்ந்து கேட்டுப் பழகினால் வேறுபாடு பிடிபடும். கற்றல் வந்து கலக்கும் இடம் இதுதான். எலினோர் கிப்சன் போன்ற உளவியலாளர்கள் இதைப் புலன்காட்சிக் கற்றல் என்று தனியாகவே ஆராய்ந்தார்கள்.

ஆங்கிலச் சொற்கள் இரண்டும் இலத்தீனிலிருந்து வந்தவை. சென்சேஷனுக்கு வேர் 'உணர்தல்' என்று பொருள்படும் செந்தீரே. பெர்செப்ஷனின் வேரான பெர்சிப்பேரே 'முழுதாகப் பற்றிக்கொள்ளுதல்' என்ற பொருளது. இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் 18ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் தாமஸ் ரீட்.

தமிழில் புலன்காட்சி என்பதற்கு ஒரு மறுப்பு எழுவதுண்டு: காட்சி கண்ணுக்கு உரியது, ஒலியையும் மணத்தையும் காட்சி என்பது பொருந்துமா? பொருந்தும் என்பதே என் கட்சி. சரியான அறிவு எவ்வாறு பெறப்படுகிறது என்று ஆராயும் தமிழ் அளவை நூல்களில் காண்டல், காட்சி என்பன ஐம்புலன்களாலும் நேரே அறிவதைக் குறிக்கும் கலைச்சொற்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இன்னும் நுட்பமாகப் போகிறது. ஒரு பொருள் இருக்கிறது என்ற அளவில் மட்டும் அறிவது விகற்பமில்லாக் காட்சி. பெயர், சாதி (அதாவது இனம்), குணம் முதலியவற்றோடு அறிவது விகற்பக் காட்சி. இன்றைய உளவியல் பிரிவினையும் இதுவும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது, அங்கே நோக்கம் வேறு. ஆயினும் பிரித்துப் பார்க்கும் கண் ஒன்றுதான்.

கயிற்றைப் பாம்பென்று காண்பதை அந்த மரபு திரிவுக்காட்சி என்றது. உளவியல் நூல்கள் அதையே திரிபுக்காட்சி என்று எடுத்துக்கொண்டன. 1889இல் ஜெர்மானியரான முல்லர்-லையர் வெளியிட்ட கோட்டுப்படம் இதற்குப் பெயர்போன சான்று. சம நீளமுள்ள இரு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள் உட்புறம் மடிந்திருக்கும், மற்றொன்றில் வெளிப்புறம் விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். அளவுகோல் வைத்து அளந்த பிறகும் அப்படியே தெரியும்! புறத்தில் தூண்டலே இல்லாமல் தோன்றுவதோ இல்பொருள் காட்சி. காட்சி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டதால் இத்தனையும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. புலன்காட்சியைப் புலனறிவு என்று மாற்றினால் இந்த உறவு அறுந்துபோகும்.

சென்சேஷனைப் 'புலன் உணர்ச்சி' என்று எழுதுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கோபம், அச்சம் போன்றவற்றையும் உணர்ச்சி என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். அவற்றுக்கு மனவெழுச்சி என்ற பாடச்சொல் இருந்தும் குழப்பம் தீர்வதில்லை. புலனுணர்வு என்பதே பாதுகாப்பானது. 'அரசைப் பற்றி மக்களிடம் உள்ள பெர்செப்ஷன்' என்று செய்தியாளர்கள் சொல்லும்போது புலன்காட்சியைத் தேடி ஓட வேண்டாம். அங்கே 'எண்ணம்' போதும்.