ஒரு லட்சம் டாலர் சம்பளமும் 55ஆம் வாய்ப்பாடும்

"சிட்னியில் ஒரு லட்சம் டாலர் ஆஃபர் வந்திருக்கிறது. நல்ல சம்பளம்தானே?" இப்படி ஒரு வரி எழுதி, ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் குறைவதே இல்லை. விடை பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். அது வந்து சேர்வதற்குள் ஊரில் வேலையை விட்டிருப்பார்கள், பிள்ளைக்கு டிசி வாங்கியிருப்பார்கள், பைக்கைக்கூட விற்றிருப்பார்கள். வரிக்கணக்கும் சம்பளக்கணக்கும் பார்ப்பவர்களிடம் அதற்குப் பிறகு வந்து என்ன செய்ய?

ஆகவே கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன். எண்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவின் 2025–26 நிதியாண்டுக்கு, அதாவது ஜூலை முதல் ஜூன் வரை.

முதலில் அந்த 55ஆம் வாய்ப்பாட்டை மூடிவையுங்கள். ஒரு ஆஸ்திரேலிய டாலர் 55 ரூபாய் என்று வைத்து, ஒரு லட்சம் டாலரை 55 லட்சம் ரூபாயாக்கி, "சென்னையில் 20 லட்சம் வாங்குகிறேன், கிட்டத்தட்ட மூன்று மடங்கு" என்று கணக்குப் போடுவது தவறு. வாங்குவதும் டாலர், செலவழிப்பதும் டாலர். வாடகை கொடுக்கும்போது, பால் வாங்கும்போது, முடி வெட்டும்போது யாரும் உங்கள் டாலரை 55 ரூபாயாக மாற்றி எடுத்துக்கொள்வதில்லை. ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு மட்டும்தான் அந்த 55 பொருந்தும். எல்லாச் செலவும் போக எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல், மொத்தச் சம்பளத்தை 55ஆல் பெருக்கி என்ன பயன்?

இந்தப் பெருக்கல் தலைகீழாகவும் கடிக்கும். ஊரில் வீட்டுக்கடன் தவணை மாதம் 50,000 ரூபாய் இருக்கிறதா? அது மாதம் 909 டாலர், வாரம் 210 டாலர். பெற்றோருக்கும் தவணைக்குமாகச் சேர்த்து மாதம் ஒரு லட்சம் அனுப்பினால் வாரம் 420 டாலர். "டாலரில் சம்பாதித்தால் இதெல்லாம் தூசு" என்பவர்கள் இந்த 420ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். இதே வாய்ப்பாட்டின் இன்னொரு நோய், வந்த முதல் ஆறு மாதம் ஒவ்வொரு காபியையும் 300 ரூபாயாக்கிப் பார்த்து வயிற்றெரிச்சல் படுவது. அதுவும் வேண்டாம்.

டாலர் சம்பளம் ஏன் பெரிதாகத் தெரிகிறது? இங்கே எல்லாருடைய சம்பளமும் பெரிது. தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 1 ஜூலை 2025 முதல் மணிக்கு 24.95 டாலர், 38 மணி நேர வாரத்துக்கு 948 டாலர். அலுவலகத்தைப் பெருக்குகிறவர், குழாய் சரிபார்க்க வருகிறவர், உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் என்று யாரும் அதற்குக் கீழே வேலை செய்ய மாட்டார்கள். ஆகவே பால், கோழி, முட்டை, மின்சாதனம் ஆகியவை சம்பளத்தோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் மனிதக் கை பட வேண்டிய எதுவும் விலை கூடியதுதான். ஊரில் வீட்டு வேலைக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர், பள்ளிக்கு ஆட்டோ என்று வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த வரிசை முழுவதும் இங்கே கிடையாது. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

இப்போது ஆஃபர் லெட்டருக்கு வருவோம். சம்பள எண்ணுக்குப் பக்கத்தில் 'பிளஸ் சூப்பர்' என்று இருக்கிறதா, 'பேக்கேஜ்' அல்லது 'இன்க்ளூடிங் சூப்பர்' என்று இருக்கிறதா? சூப்பர் என்பது முதலாளி கட்ட வேண்டிய ஓய்வூதிய நிதி, சம்பளத்தில் 12 சதவீதம். ஒரு லட்சம் பிளஸ் சூப்பர் என்றால் அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம். வருமான வரி 20,788, மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்துக்கான லெவி 2,000 போகக் கையில் வருவது ஆண்டுக்கு 77,212. ஒரு லட்சம் பேக்கேஜ் என்றால் அந்த 12 சதவீதமும் அதற்குள்ளேயே அடக்கம். அடிப்படை 89,286தான், கையில் வருவது சுமார் 69,926. ஒரே ஒரு சொல்லுக்கு ஆண்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் டாலர், வாரம் 140 டாலர் வித்தியாசம். கேட்டால் ஹெச்ஆர் சொல்லிவிடுவார்கள். கேட்பதற்கு என்ன கூச்சம்?

"அந்த சூப்பர் என் பணம்தானே, திரும்பும்போது எடுத்துக்கொள்வேன்" என்பார்கள். தற்காலிக விசாவில் இருப்பவர், நாட்டை விட்டுப் போய் விசாவும் முடிந்த பிறகு அதைக் கேட்டு வாங்கலாம், உண்மைதான். ஆனால் உள்ளே போகும்போதே 15 சதவீத வரி, வெளியே எடுக்கும்போது 35 சதவீத வரி. 10,714 டாலர் போட்டால், வட்டியும் கட்டணமும் தவிர்த்து, சுமார் 5,900தான் கைக்கு வரும். சேமிப்புக் கணக்கில் அதை முழுதாகச் சேர்த்து எழுதாதீர்கள்.

வரியைப் பற்றி நிறையப் பயமுறுத்தல் உண்டு. 18,200 வரை வரி இல்லை, அடுத்து 45,000 வரை 16 சதவீதம், 1,35,000 வரை 30 சதவீதம், 1,90,000 வரை 37, அதற்கு மேல் 45. ஒவ்வொரு படிக்கும் அந்தப் படியில் இருக்கும் பணத்துக்கு மட்டுமே அந்த வீதம். 1,35,000ஐத் தாண்டினால் நஷ்டம் என்று சம்பள உயர்வை வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல. பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, இல்லாவிட்டால் முதல் டாலரிலிருந்தே 30 சதவீதம் என்பதும் தவறு. விசா வேறு, வரிக்கான வசிப்பிடம் வேறு. வேலை விசாவில் வந்து இங்கேயே குடியிருந்தால் பொதுவாக வரிக்கு நீங்கள் இந்நாட்டு வாசிதான். வந்த வாரமே டிஎஃப்என் என்ற வரி அடையாள எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அதைக் கொடுக்காமல் இருந்தால் 47 சதவீதம் பிடித்தம் செய்வார்கள்.

ஜனவரியில் வந்திறங்கியவருக்கு முதல் ஜூலையில் நாலைந்தாயிரம் டாலர் ரீஃபண்ட் வரக்கூடும். அரை ஆண்டுதான் சம்பாதித்தார், பிடித்ததோ முழு ஆண்டு வீதத்தில் என்பதால் வருவது அது. ஆண்டுதோறும் வரும் என்று நம்பி அதைக் காட்டிக் கார் கடன் வாங்காதீர்கள்.

வாடகைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இங்கே வாடகை வாரக் கணக்கு. வாரம் 650 டாலர் என்றால் மாதம் 2,600 என்று நான்கால் பெருக்குகிறவர்களே அதிகம். ஆண்டுக்கு 52 வாரம். 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,817. ஆண்டுக்கு நாலு வார வாடகை, அதாவது 2,600 டாலர், உங்கள் எக்செல்லில் காணாமல் போயிருக்கிறது. இங்கே சம்பளமும் பல இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே மாதக் கணக்கையே விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் வாரத்துக்கு எழுதுங்கள்.

எழுதிப் பார்ப்போம். 482 விசா, அதாவது முதலாளி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசா; ஒரு லட்சம் பேக்கேஜ், கணவன், மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட். கைக்கு வருவது வாரம் 1,345. வாடகை 650. மளிகை, காய்கறி, இறைச்சி 250. கரண்ட், இன்டர்நெட், போன் 60. வேலைக்குப் போகிறவருக்கு ரயில், பஸ் அதிகபட்சம் 50. சிட்னியில் ஓபல் என்ற பயண கார்டுக்கு வார உச்சவரம்பு அதுதான். கார் வைத்திருந்தால் ரெஜோ என்ற வண்டிப் பதிவு, கிரீன்ஸ்லிப் என்ற கட்டாயக் காப்பீடு, மற்ற இன்சூரன்ஸ், பெட்ரோல் என்று 120. மருத்துவக் காப்பீடு 60. மொத்தம் 1,190, மிச்சம் 155. இதில் துணிமணி இல்லை, பல் டாக்டர் இல்லை, ஊருக்கு ஃபிளைட் டிக்கெட் இல்லை. மேலே சொன்ன 420ஐ இதிலிருந்து எப்படி அனுப்புவீர்கள்?

"மனைவியும் வேலைக்குப் போவாள்" என்பதுதான் அடுத்த பதில். 482 விசாவில் துணைவருக்கு முழுநேர வேலை உரிமை உண்டு, சந்தேகமில்லை. அவர் குறைந்தபட்ச ஊதியத்தில் முழுநேரம் வேலை செய்தால் கைக்கு வாரம் 820 டாலர் சுமாராக வரும். ஆனால் குழந்தையை எங்கே விடுவது? சைல்ட்கேருக்கு நாளுக்கு 150 டாலர் என்று வைத்தால் ஐந்து நாளுக்கு 750. நாள் முழுக்க உழைத்து, இரண்டு பேருந்து மாறி வந்து, வாரக் கடைசியில் மிஞ்சுவது 70 டாலர். சைல்ட்கேர் மானியம் உண்டே என்பீர்கள். பிஆர், குடியுரிமை உள்ளவர்களுக்கு உண்டு, 482க்கு இல்லை. இதே குடும்பம் பிஆரில் வந்திருந்தால், இருவர் வருமானத்துக்கும் ஏறத்தாழ 80 சதவீத மானியம் கிடைத்து, நாளுக்கு 35 டாலர் அளவில் முடிந்திருக்கும். ஒரே சம்பளம், ஒரே ஊர், விசா மட்டும் வேறு. வாரத்துக்கு 500 டாலருக்கு மேல் வித்தியாசம். இதனால்தான் "எவ்வளவு சம்பளம் வந்தால் போதும்?" என்ற கேள்விக்கு, விசா என்ன, குழந்தைக்கு எத்தனை வயது என்று கேட்காமல் பதில் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

அதே காரணத்தால் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லும் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பிஆரில் வந்தவர், மெடிகேர் கார்டு வைத்திருப்பவர், விலைவாசி ஏறும் முன் வீடு வாங்கியவர். 2022 டிசம்பர் காலாண்டில் இங்கே பணவீக்கம் 7.8 சதவீதம் வரை போனது, சம்பளங்கள் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2019இல் அவருக்குப் போதுமாக இருந்த எண்ணை வைத்து இன்று ஒரு ஆஃபரை எடைபோட முடியாது.

இணையத்தில் கிடைக்கும் 'சராசரிச் சம்பளம்' இன்னொரு பொறி. ஒரு லட்சத்தைத் தொடும் அந்தச் சராசரி முழுநேர வேலை பார்ப்பவர்களுடையது, சுரங்கமும் பெரிய பதவிகளும் அதை மேலே இழுக்கின்றன. எல்லா ஊழியர்களையும் வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால், 2024 ஆகஸ்டில் அவர் வாங்கியது வாரம் 1,396 டாலர், வரிக்கு முன்.

நாட்டு விலை என்று ஒன்றும் கிடையாது, ஊர் விலைதான். பிரிஸ்பேனில் பஸ், ரயில், படகு எதில் ஏறினாலும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட். சிட்னியில் கார் இருந்தால் டோல் கேட் தனிக் கணக்கு. மெல்பர்னில் குளிர்காலக் கேஸ் பில் புதிதாக வந்தவரை ஒரு முறையாவது உட்கார வைத்துவிடும்.

மாணவர் விசாவில் வருகிறவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. கேஷுவல் எனப்படும் நிரந்தரமில்லாத வேலைக்கு 25 சதவீதம் கூட்டி மணிக்கு 31.19 டாலர் வாங்கினாலும் இரண்டு வாரத்துக்கு 1,497, அதுவும் எல்லா வாரமும் வேலை கிடைத்தால். அதில் சாப்பாடும் பகிர்ந்த அறை வாடகையும் நடக்கும். ஆண்டுக்கு 30,000ஐத் தாண்டும் படிப்புக் கட்டணம் நடக்காது. "வேலை பார்த்து ஃபீஸ் கட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜெண்டிடம் இந்த இரண்டு எண்ணையும் எழுதிக்காட்டி விளக்கம் கேளுங்கள்.

கிளம்பும் முன் கையில் என்ன வேண்டும்? பாண்ட் என்ற பிணைத்தொகை நாலு வார வாடகை, முன்பணம் இரண்டு வார வாடகை. 650க்கு மொத்தம் 3,900. இங்கே வாடகை வரலாறு இல்லாதவருக்கு வீடு கிடைக்கச் சில வாரம் ஆகும், அதுவரை தற்காலிக அறை. கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், பழைய கார். முதல் சம்பளம் வர இரண்டு முதல் நான்கு வாரம். குடும்பத்தோடு வருகிறவர் 15,000 டாலருக்குக் குறைவாக வைத்துக்கொண்டு ஏற வேண்டாம் என்பது என் கருத்து. தனியாக வந்து, வீடு பார்த்துவிட்டுக் குடும்பத்தை அழைப்பது இன்னும் நல்லது. வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் பாண்ட் அனுப்பாதீர்கள். முறையான பாண்ட் மாநில அரசு அமைப்பில் கட்டப்பட வேண்டும், ரசீது அங்கிருந்து வரும்.

482இல் இருப்பவர்களுக்கு இன்னும் சில. மெடிகேர் தகுதி இல்லாதவர் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்ததும் அதற்கான சான்றுக்கு விண்ணப்பித்தால் லெவியிலிருந்து விலக்குப் பெறலாம். மேலே உள்ள உதாரணத்தில் அது 1,786 டாலர். பலர் விட்டுவிடுகிறார்கள். காப்பீட்டில் ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை பள்ளி வயது என்றால், நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளி தற்காலிக விசாக்காரர்களிடம் கட்டணம் கேட்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, வேலை எந்த மாநிலத்தில் என்று முடிவாகும் முன்பே விசாரியுங்கள். ஸ்பான்சர் செய்த வேலை போனால் அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரே தடவையில் 180 நாள் வரை கிடைக்கும். அந்த நாட்களுக்கும் வாடகை உண்டு, சேமிப்பைக் கணக்கிடும்போது அதையும் எண்ணுங்கள்.

கடைசியாக, தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்: சம்பளம் கூட வருகிறதே என்று ஏபிஎன் என்ற தொழில் பதிவு எண்ணில், அதாவது ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராக, வேலைக்குச் சேர்வது. ஒரே இடத்தில், அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் சொல்லும் வேலையைச் செய்தால் நீங்கள் ஊழியர்தான். ஏபிஎன் என்று எழுதிக்கொடுத்தால் சூப்பர், ஆண்டுக்கு நாலு வாரச் சம்பள விடுப்பு, நோய் விடுப்பு எல்லாம் உங்கள் கணக்கிலிருந்து கழிகின்றன. மணிக்கு இரண்டு மூன்று டாலர் கூடுதலாகத் தருவது அதில் பாதிக்குக்கூட வராது. ஸ்பான்சர்ஷிப் செலவு என்று சொல்லிச் சம்பளத்தில் பிடிப்பதும், திருப்பிக் கட்டச் சொல்வதும் சட்டத்துக்குப் புறம்பானது. பேஸ்லிப் சம்பளம் வந்த ஒரு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஊழியர் உரிமைகளைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மனை 13 13 94இல் அழையுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் அவர்களே இணைத்துவிடுவார்கள்.