பேப்பருக்குச் செஞ்ச கலியாணமும் குசினிக்கார மாப்பிள்ளையும்

மட்டக்களப்புல சட்டத்தரணியா இரிக்கிற என்னட்ட அடிக்கடி வாற கேள்வி இதுதான், "மிஸ், அது சும்மா விசாவுக்குச் செஞ்ச கலியாணம், இஞ்ச வேற ஒண்டு முடிக்கலாம்தானே?"

ஒரு தம்பிட கதைய ஆள் தெரியாம மாத்திச் சொல்றன், சிரிப்பு வந்தா சிரிங்க, அவரும் சிரிச்சிச் சிரிச்சித்தான் சொன்னவர்.

ஆள் படுவான்கரை. தங்கச்சிக்குச் சீதன ஊடு கட்டணும், நம்மட பக்கம் ஊடு இல்லாம பொம்புளப்புள்ளைட கலியாணம் நகராதே, அதுக்காக லண்டன் போய் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில கோப்பை கழுவத் தொடங்கி கறி ஆக்குற அளவுக்கு வந்துட்டார். விசா முடியப்போக, ஆரோ ஒரு பிரிட்டிஷ் பாஸ்போட்காரப் பொம்புளையப் பேசிக் குடுத்தாங்க, கைமாறின காசுல இஞ்ச ஊட்டுக்குக் கூரையே போட்டிரிக்கலாம். அங்க கலியாணப் பதிவுக்கு 28 நாள் நோட்டீஸ், சந்தேகம் வந்தா 70 நாளாக்கி விசாரிப்பாங்க. இவருக்கு 70.

கடை பூட்டினதுக்குப் பிறகு குசினியில இருந்து கொப்பி போட்டுப் பாடமாக்கியிரிக்காங்க, மாமியாட பேர், கட்டில்ல ஆர் எந்தப் பக்கம், நேத்து ராவு என்ன சாப்பாடு. சாப்பாட்டுக்கு பீட்சா எண்டு முடிவு. ரெண்டு பேரையும் வேற வேற அறையில வச்சிக் கேட்டா பொம்புளை ஒழுங்கா பீட்சா எண்டுட்டா. நம்மாளுக்கு வாய் வரல்ல. "நான் குசினிக்காரன் மிஸ், என்ட பொண்டாட்டி ஏன் கடைப் பீட்சா தின்னணும்?" எண்டு ரோசம் வந்து, மீன் ஆணமும் கத்தரிக்காய் பால்கறியும் எண்டு சொன்னது போதாம, தலைப்பால் கடைசியாத்தான் விடணும், விட்டுக் கொதிக்கவிடப்படாது எண்டு அந்த ஒஃபிசருக்கு வகுப்பும் எடுத்திரிக்கார். அவட பிறந்த நாளக் கேட்டா மட்டும் கூரையப் பாத்தவராம்.

இதுல எங்கட ஆக்கள் கவனிக்காத இடம் என்னெண்டா, விசாரணைக்கு ஒழுங்காப் போய் வந்தா கலியாணத்தத் தடுக்கமாட்டாங்க, விசாவத்தான் தடுப்பாங்க. அப்பிடித்தான் நடந்தது, பதிவும் முடிஞ்சி விசாவும் இல்லாம ஊர் வந்துட்டார், மறுகா அம்மா மச்சாளப் பேசி வச்சிட்டா. என்னட்ட வரக்குள்ள விசா இல்லையெண்டு அங்க இருந்து வந்த கடிதத்தத் தூக்கிப் பிடிச்சிட்டு வாறார், "இது உண்மையான உறவில்ல எண்டு அவங்களே எழுதித் தந்திரிக்காங்க மிஸ், அப்ப நான் முடிக்காத ஆள்தானே?"

இல்ல தம்பி. அது விசாவுக்குச் சொன்ன பதில், பதிவுப் புத்தகத்தில நீங்க இன்னும் புருஷன்தான். இஞ்ச கலியாண நோட்டீஸ் படிவத்தில முன்னம் முடிச்சவரா எண்டு கேப்பாங்க, அதில பொய் எழுதினா அது ஒரு குற்றம், எழுதிட்டு மச்சாளுக்குத் தாலி கட்டிப் பதிஞ்சா தண்டனைச் சட்டக்கோவை 362ஆ பிரிவுல 7 வருசம் வரைக்கும் மறியல். (முஸ்லிம் ஆக்கள்ர கலியாணத்துக்கு 1951ம் ஆண்டுத் தனிச் சட்டம் இரிக்கி, அது வேற கதை.) இஞ்ச விவாகரத்து எடுப்பம் எண்டா சோரம் (கள்ள உறவு), வேணுமெண்டே விட்டுட்டுப் போறது, ஆண்மைக்குறைவு எண்டு மூண்டு காரணம்தான், ரெண்டு பேருக்கும் விருப்பம் எண்டது காரணமே இல்ல. இங்கிலாந்தில 2022 ஏப்ரல்ல இருந்து குத்தம் சொல்லாமப் பிரியலாம், கலியாணம் முடிஞ்சி ஒரு வருசம் போகணும், விண்ணப்பம் போட்டாலும் குறைஞ்சது 26 கிழமை எடுக்கும். இவருக்கு அந்த வழிதான் சுகம், ஆனா அவவுக்கு நோட்டீஸ் போகணுமே.

"அவட இப்பத்தைய விலாசம் தெரியுமா?" எண்டு கேட்டன்.

"விலாசம் தெரியாது மிஸ். ஆனா உறைப்புக் கூடினா தின்னமாட்டா."