ரீமேக்: மறுவா, மீளா?

‘ரீமேக்’கில் உள்ள ‘ரீ’ லத்தீன் முன்னொட்டு. ‘மேக்’ பழைய ஆங்கிலச் சொல். திரும்பச் செய்தல் என்பது நேர்ப்பொருள். ஏற்கெனவே வந்த படத்தின் கதையை வேறு நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்தால் ரீமேக். குரலை மட்டும் மாற்றினால் டப்பிங். பழைய படத்தையே மறுபடி தியேட்டரில் ஓட்டினால் ரீ-ரிலீஸ்.

எனக்கு இந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது ‘பில்லா’வால். 1980இல் வந்த ரஜினி படம். டிவியில் பார்த்துப் பார்த்தே மனப்பாடம். 2007இல் விஷ்ணுவர்தன் அதையே அஜித்தை வைத்து எடுத்தபோது கோபத்தோடுதான் டிக்கெட் எடுத்தேன். எம்.எஸ்.வி. போட்ட ‘மை நேம் இஸ் பில்லா’ மெட்டை யுவன் ஒலிக்கவிட்டதும் மனசுக்குள் மறுபடி டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் மலேசியா, கோட்டு, கூலிங் கிளாஸ். ‘வெத்தலைய போட்டேண்டி’ ரஜினியின் ராஜப்பாவிடமிருந்து அஜித்தின் சரவண வேலுவுக்குக் கைமாறியிருந்தது. இத்தனைக்கும் நான் அசல் என்று கட்டிக்காத்த ரஜினி படமே ரீமேக்தான். 1978இல் சலீம்-ஜாவேத் எழுதி அமிதாப் நடித்த இந்தி ‘டான்’தான் அசல்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன: மறுவாக்கம், மீளாக்கம். இரண்டும் ஒன்றல்ல. ‘மறு’வில் ‘வேறு’ என்ற பொருளும் கலந்திருக்கிறது. மறுகரை என்றால் எதிர்க்கரை. மறுபிறவி என்றால் உயிர் அதுவே, உடம்பு வேறு. ‘மீள்’ போன இடத்திலிருந்து திரும்பி வருவது: மீட்சி, மீள்குடியேற்றம். ரசிகன் கேட்பது மீள்; இயக்குநரால் தர முடிவது மறு. மறுபதிப்பில் அதே எழுத்துதானே மாறாமல் வருகிறது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் கதை அதுவே, உடம்பு வேறு என்பதால் ரீமேக்குக்கு மறுபிறவியின் ‘மறு’வே பொருந்துகிறது.

பத்திரிகைகள் ‘மறு ஆக்கம்’ என்று பிரித்துப் போடுகின்றன. தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் முற்றியலுகரம், அதாவது குறுகாமல் முழுதாக ஒலிக்கும் உகரம். இரண்டு உயிர்களை இணைக்க வரும் ‘வ்’ என்ற உடம்படுமெய் பெற்று மறுவாக்கம் என்று சேர்வதே முறை.

மீளாக்கத்தில் இன்னொரு வம்பு. மீள் + ஆக்கம் என்றுதான் சேர்க்கிறோம். வாய்விட்டுச் சொன்னால் காதில் விழுவதோ ‘மீளா’. சுந்தரர் பாடிய ‘மீளா அடிமை’யில் வரும் அதே மீளா. திரும்பி வராதது.