அழுத்தாத பொத்தானின் வேலை

"காசு கொடுத்துத் திட்டு வாங்குகிறார்களாமே, இது என்ன வியாதி?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். டாமினாட்ரிக்ஸ் என்ற தொழில் செய்யும் பெண்களைப் பற்றி எங்கோ படித்திருக்கிறார். வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது, அதட்டுவது, மண்டியிட வைப்பது எல்லாம் அந்தத் தொழிலில் அடக்கம். மணிக்கணக்கில் கட்டணம். கூடவே இன்னொரு கேள்வியும் வைத்திருந்தார்: "அந்த அறைக்குள் ஒருவர் 'ஐயோ, விட்டுவிடு' என்று கத்தினால் நடிப்பா நிஜமா என்று எப்படித் தெரியும்?"

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

வியாதி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு, வழக்கத்துக்கு மாறான பாலியல் நாட்டம் வேறு, கோளாறு வேறு என்று பிரித்துவிட்டது. அந்த நாட்டம் உடையவரையே அது வாட்டினாலோ, சம்மதிக்காத இன்னொருவர் மீது பாய்ந்தாலோதான் கோளாறு. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலோ, பெரியவர்கள் இருவர் சம்மதித்துச் செய்வதை நோய்க் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. கற்பனையளவில் பார்த்தால் இது அபூர்வமும் இல்லை. கனடாவின் கியூபெக்கில் 1,516 பேரிடம் எடுத்து 2015-ல் வெளியான ஆய்வில், தன்னை ஒருவர் அடக்கி ஆள்வதாகப் பாலியல் கற்பனை செய்ததுண்டு என்று பெண்களில் 64.6 சதவீதமும் ஆண்களில் 53.3 சதவீதமும் சொன்னார்கள். செய்து பார்ப்பவர்கள்தான் குறைவு. ஆஸ்திரேலியாவில் 19,307 பேரிடம் நடத்திய ஆய்வில், பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் கடந்த ஓராண்டில் பி.டி.எஸ்.எம். (கட்டிப்போடுவது, அடக்குவது, வலி கொடுப்பது போன்ற சம்மத விளையாட்டுகள்) பக்கம் போனவர்கள் 1.8 சதவீதம். அவர்களிடம் மன வேதனையோ பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளான அனுபவமோ மற்றவர்களைவிட அதிகம் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. நம்மூரில் மாதத்துக்கு ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து, மனதில் வந்த ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு வியாதிப் பெயர் சூட்டி லேகியம் விற்கும் "பாலியல் நிபுணர்"களிடம் யாராவது இந்த எண்களைக் காட்ட வேண்டும்.

சரி, அந்த அறைக்குப் போவோம்.

நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இத்தொழில் செய்யும் பெண்களிடம் சமூகவியலாளர் டேனியல் லின்டமன் நீண்ட நேர்காணல்கள் எடுத்து 2012-ல் புத்தகமாக்கினார். வெளியாள் எதிர்பார்க்கும் சாட்டைச் சத்தத்தைவிட அதில் அதிகம் கேட்பது பேச்சுவார்த்தை. பெரும்பாலோர் உடலுறவைத் தொழிலில் சேர்ப்பதில்லை. விற்பது ஒரு காட்சியை. விசாரணை அதிகாரியும் கைதியும், எஜமானியும் வேலைக்காரனும், கண்டிப்பான மருத்துவரும் பயந்த நோயாளியும் என்று வேடம் மாறும். காட்சிக்கு முன்னால் ஒரு பேச்சு உண்டு. இதய நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், தோள்பட்டை நழுவியதுண்டா, எது கண்டிப்பாகக் கூடாது, எது ஒருவேளை பரவாயில்லை. நல்ல தொழில்காரி அத்தோடு விடமாட்டார். எந்தச் சொல் வேண்டும், எந்தச் சொல் கூடாது என்றும் கேட்பார். "நீ எதற்கும் லாயக்கில்லை" என்ற வசனம் ஒரு கம்பெனி நடத்துகிறவருக்குச் சுகமான பொய். போன வாரம் வேலை போனவருக்கு அது பொய்யே இல்லை. கயிற்றில் வரும் தழும்பு சில நாளில் ஆறும். தவறான ஆளிடம் தவறான நாளில் விழுந்த வசனம் எவ்வளவு நாள் இருக்கும் என்று யார் சொல்வது?

பிறகு சேஃப்வேர்ட், அதாவது காட்சியை நிறுத்த முன்பே பேசிவைத்துக்கொண்ட சொல். பரவலாக இருப்பது போக்குவரத்து விளக்கு முறை: பச்சை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் குறை, சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்து. "விட்டுவிடு" என்ற கதறலை வேண்டுமென்றே வசனத்துக்கு ஒதுக்கிவிட்டு, காட்சிக்குள் யாரும் பேச வாய்ப்பே இல்லாத ஒரு சொல்லை நிஜத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். வாசகருக்கு நேரடிப் பதில் இதுதான்.

விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் இடையே இப்படி ஒரு வேலி போடுவது மனிதக் கண்டுபிடிப்பு அல்ல. மானுடவியலாளர் கிரெகரி பேட்சன் 1952-ல் சான் பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிசாலையில் இரண்டு குட்டிக் குரங்குகள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிக்கின்றன, உருளுகின்றன, ஆனால் அது சண்டை இல்லை என்பது அவருக்கும் தெரிகிறது, குரங்குகளுக்கும் தெரிகிறது. அப்படியானால் "இது விளையாட்டு" என்ற செய்தியை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன என்றுதானே பொருள்? கடியைப் போன்ற ஒன்றைக் கொடுத்து, கடி சொல்லும் சேதியை மட்டும் அதிலிருந்து கழற்றிவிடுகின்றன. 1955-ல் அவர் எழுதிய கட்டுரை இதைச் சட்டகம் என்றது. பிரிட்டிஷ் உளவியலாளர் மைக்கேல் ஆப்டர் இதையே புலியை வைத்துச் சொன்னார். கூண்டில்லாத புலி திகில். புலியில்லாத கூண்டு சலிப்பு. கூண்டுக்குள் புலி இருந்தால்தான் சிலிர்ப்பு.

கூண்டு மூளைக்குள் என்ன செய்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1960-களின் இறுதியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கொடூரமான இரைச்சலைத் தயாரித்தார்கள். இரண்டு பேர் ஸ்பானிஷ் பேசுகிறார்கள், ஒருவர் ஆர்மேனியன் பேசுகிறார், பின்னால் நகலெடுக்கும் எந்திரம், தட்டச்சு, கணக்குப்போடும் எந்திரம், எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து 108 டெசிபலில் திடீர் திடீரென ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், இரைச்சல் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது என்றார்கள். அவர்கள் அழுத்தவில்லை. ஆக, இரு பிரிவும் கேட்டது ஒரே இரைச்சல், ஒரே நேரம். அதன்பின் விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தபோது, பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். பிழைதிருத்தச் சொன்னபோது அதிகம் தவறவிட்டார்கள். பொத்தான் இருந்தவர்கள் திரும்பத் திரும்ப முயன்றார்கள். தொடாத ஒரு பொத்தான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது!

ஏன் என்பதற்கான விடை எலிகளிடமிருந்து வந்தது. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மயரும் 1967-ல், தப்ப முடியாத மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள் பிறகு தப்ப வழியிருந்தும் அசையாமல் கிடப்பதைக் கண்டு, கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று விளக்கினார்கள். பல பாடப்புத்தகங்களில் இன்றும் அந்தப் பாதிதான் இருக்கிறது. மயர் விடவில்லை. கொலராடோவில் ஆண்டுக்கணக்கில் எலிகளின் மூளைக்குள் தேடினார். இரண்டு எலிகள், இரண்டுக்கும் வாலில் ஒரே அதிர்ச்சி. ஒன்றின் கையில் உள்ள சக்கரத்தைச் சுழற்றினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். மற்றதன் சக்கரம் வெறும் பொம்மை. சக்கரம் வேலை செய்யாத எலி பிற்பாடு ஒடுங்கிப்போகிறது, மற்றது சாதாரணமாக இருக்கிறது. வலி தொடர்ந்தால் மூளைத்தண்டில் முதுகுப்புற ரஃபே என்ற சின்னஞ்சிறு நரம்பணுக் கூட்டம் செரோட்டோனின் என்ற ரசாயனத்தைப் பொழிந்து உடலை ஒடுக்கத்துக்குள் தள்ளுகிறது. இது யாரும் கற்றுக்கொடுக்காமல் பிறப்பிலேயே உள்ள ஏற்பாடு. கற்றுக்கொள்ளப்படுவது வேறொன்று. "இதை நிறுத்த என்னால் முடியும்" என்பதை நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி ஒன்று கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்ததும் அங்கிருந்து இறங்கும் நரம்புகள் ரஃபேயின் வாயை அடைக்கின்றன. 2005-ல் அந்த முன்மூளைப் பகுதியை மருந்தால் உறங்கவைத்தார்கள். சக்கரத்தைச் சரியாகச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்திய எலியும் மறுநாள் ஒடுங்கிக் கிடந்தது. 2016-ல் செலிக்மனும் மயரும் சேர்ந்தே எழுதினார்கள்: 50 ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சொன்னது தலைகீழ்.

மனிதர்களிடமும் இதன் நிழல் தெரிகிறது. 2004-ல் வெளியான ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், சூட்டு வலியைக் கட்டுப்படுத்துவது தாங்கள்தான் என்று நம்பிய நேரத்தில் பங்கேற்றவர்களின் மூளையில் வலி சார்ந்த சில பகுதிகள் குறைவாகவே கிளர்ந்தன. சூடு இரு முறையும் ஒன்றுதான்.

சேஃப்வேர்ட் அந்தப் பொத்தான் என்பது என் வாதம். எலியிலிருந்து கட்டிப்போட்ட வங்கி மேலாளருக்குத் தாவுவது பெரிய தாவல், தெரிந்தேதான் தாவுகிறேன். ஆனால் அக்கம்பக்கத்துச் சான்று இருக்கிறது. வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிராட் சகாரின் குழு, பி.டி.எஸ்.எம். காட்சிகளின்போது அடங்கும் பாத்திரத்தில் இருப்பவர்களின் எச்சிலை எடுத்துச் சோதித்தது. கார்டிசால், அதாவது உடல் நெருக்கடியின் ஹார்மோன், ஏறியிருந்தது. அதே குழு பின்னர், உடலில் தற்காலிகமாகத் துளையிட்டு எடையோ கொக்கியோ மாட்டிக்கொண்டு ஆடும் ஒரு கூட்டுச் சடங்கில் அளந்தது. அங்கும் கார்டிசால் ஏறியது. மனதில் உணர்ந்த நெருக்கடியோ குறைந்ததாக ஆடியவர்களே சொன்னார்கள். உடல் "ஆபத்து" என்கிறது, மனம் "இல்லை, நான் தேர்ந்தது" என்கிறது. இந்த வரிசை ஆய்வுகளுக்கு நம்மவர்களும் சம்பந்தம்: மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை திமித்ரிஸ் சிகலாடாஸ் என்ற மானுடவியலாளர் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார். நோக்கம் முற்றிலும் வேறு, இதை வைத்து யாரும் சண்டைக்கு வரவேண்டாம். தானாக ஏற்ற வலியும் திணிக்கப்பட்ட வலியும் உடலுக்குள் ஒன்றல்ல என்பது மட்டுமே பொது.

இனி சிக்கல். பொத்தான் இருந்தால் போதாது, அழுத்தும் புத்தி அந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும். சகாரின் குழு இரு பாத்திரமும் ஏற்கத் தயாரான 14 பேரைக் குலுக்கல் முறையில் அடக்குபவர், அடங்குபவர் என்று பிரித்தது. பிறகு ஸ்ட்ரூப் சோதனை: சிவப்பு என்ற சொல் பச்சை மையில் இருக்கும், மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். அடங்கும் பாத்திரம் கிடைத்தவர்கள் இதில் சறுக்கினார்கள். முன்மூளையின் வேகம் தற்காலிகமாகத் தணிவதோடு இது ஒத்துப்போகிறது என்கிறது குழு. அந்த மயக்கத்துக்காகத்தான் பலர் காசு கொடுக்கிறார்கள். நாள் முழுக்கத் தீர்மானம் எடுத்துக் களைத்தவருக்கு, தீர்மானிக்கும் உறுப்பே ஒரு மணி நேரம் ஓய்வில். ஆனால் "சிவப்பு" என்று சொல்ல வேண்டியதும் அதே உறுப்பு அல்லவா!

ஆகவே கட்டிப்போடுகிறவர் இரண்டு பேருக்கும் சேர்த்து யோசிக்கிறார். எல்லை பேசுவது காட்சிக்கு முன்னால் மட்டும். நடுவில் வாடிக்கையாளர் "இன்னும் அதிகமாக" என்று கெஞ்சினாலும் பேசிய எல்லையைத் தாண்டுவதில்லை. குறைப்பதற்கு மட்டும் எப்போதும் கதவு திறந்திருக்கும். வாய் கட்டப்பட்டிருந்தால் கையில் ஒரு மணியைக் கொடுப்பார்கள், நழுவி விழுந்தால் நிறுத்தம். விரல் மரத்துப்போனால் சொல்லக் காத்திருக்காமல் தானே தொட்டுப் பார்ப்பார். கயிற்றை நொடியில் வெட்டும் கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எனக்குப் பிடித்த உத்தி, வேடத்தைக் கலைக்காமலே விசாரிப்பது: "உன் எஜமானி கேட்கிறேன், என்ன நிறம் சொல்!" அதட்டலும் அதுவே, நாடி பிடிப்பதும் அதுவே. முடிந்தபின் கட்டவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, போர்வை போர்த்தி, சாதாரணக் குரலில் கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். ஆப்டர்கேர் என்பார்கள். முன்மூளை திரும்பி வரும்வரை ஆளைத் தெருவில் விடக் கூடாது.

லின்டமனிடம் பேசியவர்களில் சிலர் தங்கள் வேலையைச் சிகிச்சை என்றே சொன்னார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மனம் லேசாவது வேறு, நோய் தீர்வது வேறு. ஆழ்ந்த அதிர்ச்சி உள்ளவருக்குத் தேவை மனநல மருத்துவர். இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட 14 பேர் ஆய்வு போதாது. பல நூறு பேரை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அதற்குப் பணம் கேட்டுப்போனால், தலைப்பைப் பார்த்ததும் விண்ணப்பத்தை மூடிவைக்கும் கூச்சம் எல்லா நாட்டு நிதிக்குழுவிலும் உண்டு என்று நினைக்கிறேன். இங்கே அந்த விண்ணப்பத்தை எழுதவே எந்தப் பேராசிரியருக்கும் துணிவு வராது.

பொத்தான் தொழில்காரிக்கும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காசு கொடுத்தவன் காட்சியின் ஒவ்வொரு அசைவையும் தானே எழுதி வந்து, "என்னை அடக்கு, ஆனால் நான் சொல்கிறபடி அடக்கு" என்று நிற்பது இத்தொழிலின் நிரந்தரத் தலைவலி. பழக்கமில்லாதவரைத் தொலைபேசியில் பேசி எடைபோடுவது, சக தொழில்காரியிடம் விசாரிப்பது, வேண்டாம் என்று தோன்றினால் மறுப்பது, பாதியில் நிறுத்துவது எல்லாம் அவருடைய சேஃப்வேர்ட்கள்.

கழுத்தை நெரிக்கும் விளையாட்டை மட்டும் எந்தச் சட்டகமும் காக்காது. கழுத்தின் ரத்தக்குழாய்கள் அழுந்தினால் சில நொடிகளில் நினைவு போய்விடும். சிவப்பு என்று சொல்ல நினைப்பதற்கு முன்பே சொல்பவர் இருக்கமாட்டார். எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் முடியாது என்று இதை மறுக்கும் தொழில்காரிகள் இருக்கிறார்கள்.