மின்சாரம் போய்ப் போய் வரும் வீட்டில் நாஸ்: எந்த ஹார்ட் டிஸ்க், எப்படிப் பொருத்துவது

தைப்பூசக் காவடியைக் கைபேசியில் 4கே தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி. இரண்டு மணி நேர ஊர்வலத்துக்கு 20 ஜிபி போய்விடும். அதோடு கல்யாண வீடியோக்கள், பிள்ளைகளின் படங்கள், கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்த பதிவுத் தாள்களின் ஸ்கேன் எல்லாம் சேர்ந்தால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள சாதாரணக் குடும்பத்துக்கே 4 டிபி போதாது. ரவுட்டர் பக்கத்தில் இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் சேரும் சேமிப்புப் பெட்டி, ஒன்று வைத்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பொதுவான கிடங்காகிவிடும். பெட்டி எந்தக் கம்பெனி என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே போகும் டிஸ்கையும் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையும் பொறுத்துத்தான் அதன் ஆயுள்.

முதலில் டிஸ்க். கடைக்காரர் கொள்ளளவையும் விலையையும் சொல்வார். டிஸ்க் தன் உள்ளே சுழலும் தட்டில் எப்படி எழுதுகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்கில் எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை குறுகலானது. பழைய முறையில், அதாவது சிஎம்ஆரில், தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக இருக்கும். எந்தத் தடத்தையும் தனியாக அழித்து எழுதலாம். எஸ்எம்ஆர் முறையில் ஓட்டுக் கூரை வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறி உட்காரும். வெளியே தெரியும் மிச்சப் பகுதி படிக்கும் முனைக்குப் போதும். அதனால் அதே தட்டில் கூடுதல் தடங்கள் அடங்குகின்றன, டிஸ்கும் மலிவாகிறது. ஆனால் கூரையின் நடுவில் ஓர் ஓட்டை மாற்றப் போனால் என்ன ஆகும்? அதன்மேல் ஏறியிருப்பவற்றையும் கழற்றித் திரும்ப வேய வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் செய்வதும் அதைத்தான். ஒரு தடத்தை மாற்ற வேண்டுமென்றால், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அந்தத் தடங்களின் பட்டையையே படித்து, திருத்தி, மறுபடி எழுதும். இந்தத் தாமதத்தை மறைக்க, வருவதையெல்லாம் முதலில் சாதாரணத் தடங்கள் உள்ள ஒரு சிறு பகுதியில் கொட்டிவைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது நிதானமாக இடம் மாற்றும். இரண்டு படம், ஒரு பாட்டு என்று எழுதும் வரை வித்தியாசமே தெரியாது. நிற்காமல் பல மணி நேரம் எழுதச் சொன்னால் அந்தச் சிறு பகுதி நிரம்பி, வேகம் படுத்துவிடும்.

நிற்காமல் எழுத வேண்டிய வேலை நாஸில் ஒன்று உண்டு. டிஸ்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர்; ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவல் இருக்கும். ஒன்று செத்தால் புதியதைப் போட்டு, மிஞ்சியதிலிருந்து முழுவதையும் நகலெடுக்க வேண்டும். 8 டிபி டிஸ்கை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் நிரப்பினாலும் 15 மணி நேரம் பிடிக்கும். அந்த 15 மணி நேரமும் உங்களிடம் இருப்பது ஒரே பிரதிதான். 2020 ஏப்ரலில், டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) கம்பெனி நாஸுக்கென்று விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான டிஸ்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருக்கிறது என்பது வெளியே வந்து பெரும் சர்ச்சையானது. அந்த ஆண்டு நடந்த ஒரு சோதனையில், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமைத்த டிஸ்க் தொகுப்பில் மாற்றிப் போட்ட அப்படியொரு 4 டிபி டிஸ்க் நிரம்ப ஒன்பது நாளுக்கு மேல் ஆனது. சிஎம்ஆர் டிஸ்குகள் அதே வேலையை ஒரு நாளுக்குள் முடித்தன. ஒன்பது நாளில் நம் ஊரில் எத்தனை முறை மின்சாரம் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே வாங்கும் டிஸ்க் சிஎம்ஆராக இருக்க வேண்டும். டபிள்யூடியில் ரெட் பிளஸ், ரெட் புரோ இரண்டும் சிஎம்ஆர். சீகேட்டில் ஐயன்வுல்ஃப், டோஷிபாவில் என்300 என்றால் கவலையில்லை. வெறும் ‘ரெட்’ என்று மட்டும் போட்டிருந்தால் மாடல் எண்ணைப் பாருங்கள். பழைய 4 டிபியில் ஈஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்தால் சிஎம்ஆர், ஈஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்தால் எஸ்எம்ஆர். மேசைக் கணினிக்கான மலிவு டிஸ்குகளில் எஸ்எம்ஆர் சர்வசாதாரணம். அவற்றில் இன்னொரு குறையும் உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் விடாப்பிடியாக நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். நாஸ் டிஸ்க் சுமார் 7 விநாடியில் கைவிட்டு, ‘இங்கே முடியவில்லை’ என்று பெட்டிக்குச் சொல்லிவிடும். பெட்டியும் அந்தத் தகவலை இன்னொரு டிஸ்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். பதிலே வராவிட்டால், டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துத் தொகுப்பிலிருந்தே தள்ளிவிடும்.

நிமிடத்துக்கு 7200 சுழற்சிக்குக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டாம். கிகாபிட் கம்பியில் விநாடிக்கு 110 எம்பி அளவுதான் போகும். 5400 சுழற்சி டிஸ்கே அதைவிட வேகம், சூடும் சத்தமும் குறைவு. பெட்டியில் போட்டதும் 8 டிபி டிஸ்க் 7.27 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கிளம்பாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், பெட்டி 1024-ஆல் வகுக்கிறது. அவ்வளவுதான்.

ஜோஹன்னஸ்பர்க் உயரத்தில் டிஸ்க் ஓடுமா என்று சிலர் கேட்பதுண்டு. அர்த்தமுள்ள கேள்விதான். சுழலும் தட்டின்மேல் காற்று மெத்தையில் சில நானோமீட்டர் உயரத்தில்தான் முனை மிதக்கிறது, காற்று மெலிந்தால் மெத்தையும் மெலியும். ஆனால் டிஸ்குகளுக்கு 3,000 மீட்டர் வரை அனுமதி உண்டு, ஜோஹன்னஸ்பர்க் 1,750 மீட்டர்தான். காற்று நிரம்பிய டிஸ்கின் மூடியில் ஒரு சிறு துளையும், அதை மூடாதே என்ற எச்சரிக்கையும் இருக்கும். உள்ளும் புறமும் காற்றழுத்தத்தைச் சமன்படுத்தும் வழி அது. ஸ்டிக்கர் ஒட்டிவிடாதீர்கள். பெரிய கொள்ளளவு டிஸ்குகள் பலவற்றில் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்து முழுக்கப் பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் துளையே இருக்காது.

இரண்டு டிஸ்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினால் ஒரே தொகுதியில் வந்தவையாக இருக்கக்கூடும். ஒரே குறை இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வெவ்வேறு கடையில் வாங்குங்கள். பழைய டிஸ்கைப் புதிது என்று விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள் ஓடிய நேரத்தைப் பூஜ்யமாக்கிச் சந்தைக்கு வந்தன. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைத் துடைத்திருந்தார்கள், ஆனால் சீகேட் தனியாக வைக்கும் ஃபார்ம் பதிவில் உண்மை நேரம் அப்படியே இருந்தது. சீகேட் வாங்கினால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இங்கே கை கொடுக்கும். இணையத்தில் வாங்கியதைப் பெற்றுக்கொண்ட 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பழுதான பொருளுக்கு 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் வரை பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே. அதனால் சோதனையை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

ஜூலை மாதக் குளிரில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரவோடு இரவாகப் பக்கியில் (பிக்கப் வண்டியில்) வந்த பார்சலை டர்பன் ஈரக்காற்றில் உடனே பிரித்தால், குளிர்ந்த டம்ளரில் நீர் கோப்பதுபோல டிஸ்கின் மின்பலகையில் நீர் கோக்கும். வெள்ளிநிறப் பையைத் திறக்காமல் நாலைந்து மணி நேரம் அறையில் வையுங்கள். பிறகு ஓரங்களைப் பிடித்து எடுங்கள், அடியிலுள்ள பச்சைப் பலகையில் விரல் படக்கூடாது.

முதல் தடவை பெட்டியை அணைத்துவிட்டே பொருத்துங்கள். டிஸ்கை ஏந்தும் தட்டம் திருகு இல்லாததென்றால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பட்டையின் முளைகள் டிஸ்கின் துளைகளில் உட்கார வேண்டும். பெரிய டிஸ்குகளில் பக்கவாட்டில் நடுத்துளை இருக்காது, பழைய கணினிப் பெட்டிகளில் இது தகராறு பண்ணும். திருகு போடும் தட்டமென்றால் 3.5 அங்குல டிஸ்குக்கு வேண்டியது கரடுமுரடான புரியுள்ள 6-32 திருகு. 2.5 அங்குல டிஸ்கின் எம்3 திருகு அதில் லொடலொடவென்று ஆடும். நான்கும் போட்டு, கையால் இறுக்கியதோடு நிறுத்துங்கள். தட்டத்தை உள்ளே தள்ளும்போது கடைசி அரை சென்டிமீட்டரில் ஒரு தடை தெரியும், இணைப்பான் ஏறும் இடம் அது. அங்கே நேராக, நிதானமாக அழுத்த வேண்டும். தள்ளுவதற்கு முன், டிஸ்கின் வரிசை எண்ணில் கடைசி நாலு எழுத்தைத் தட்டத்தின் முகப்பில் ஒட்டுங்கள். என்றைக்காவது ‘டிஸ்க் பழுது’ என்று பெட்டி கத்தும்போது, அவசரத்தில் நல்ல டிஸ்கை உருவுவதுதான் வீட்டு நாஸ்களில் நடக்கும் பெரிய விபத்து.

வெளிப்புற யூஎஸ்பி டிஸ்கை உடைத்து உள்ளிருப்பதை எடுத்துப் போட்டால் உத்தரவாதம் சிக்கலாகும். சில டிஸ்குகள் சுழலவும் மாட்டா. மின் இணைப்பின் மூன்றாவது முள்ளில் 3.3 வோல்ட் வந்தால் ‘அணைந்திரு’ என்ற கட்டளையாக அவை எடுத்துக்கொள்ளும். பழைய கணினிப் பெட்டிகளின் பவர் சப்ளை அந்த முள்ளுக்கு மின்சாரம் கொடுக்கும். அந்த முள்ளின்மேல் காப்டன் (Kapton) என்ற மின்காப்பு டேப் ஒட்டினால் சரியாகிவிடும்.

தகவல் ஏற்றும் முன் ஸ்மார்ட் நீள் சோதனை. டிஸ்க் தன் பரப்பு முழுவதையும் தானே படித்துப் பார்க்கும், 8 டிபிக்குப் பாதி நாளுக்கு மேல் ஆகும். பிறகு முழுக்க ஒருமுறை எழுதிப் பார்த்து, ஸ்மார்ட் பதிவில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு எதிரே பூஜ்யம் இருக்கிறதா என்று கவனியுங்கள். மாற்றப்பட்ட இடம், சந்தேகத்துக்குரிய இடம், படிக்கவே முடியாத இடம் ஆகியவற்றின் கணக்கு அவை. புது டிஸ்கில் ஒன்று கூட இருக்கக்கூடாது. 199 ஏறினால் மட்டும் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் அது கம்பியின் அல்லது இணைப்பானின் கோளாறு.

இனி மின்சாரம். 2023-இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. அதன் பிறகு வெகுவாகக் குறைந்தாலும் கேபிள் திருட்டு, துணைமின் நிலையக் கோளாறு என்று விளக்கு அணையத்தான் செய்கிறது. திடீரென்று மின்சாரம் போனால் டிஸ்க் அழகாக ஒரு வேலை செய்யும். சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மோட்டாரே ஜெனரேட்டராகி, அந்தக் கடைசி மூச்சில் கிடைக்கும் மின்சாரத்தால் முனைகளைத் தட்டிலிருந்து தூக்கி ஓரத்துச் சரிவில் ஏற்றிவிடும். முனை தப்பிவிடும். ஆனால் டிஸ்கின் தற்காலிக நினைவில் இருந்து, தட்டில் இன்னும் இறங்காத தகவல் போய்விடும். இரண்டு டிஸ்கில் ஒன்றில் மட்டும் பாதி எழுதிய நிலையும் வரலாம்.

அதற்குத்தான் யூபிஎஸ். சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று. காகிதக் கணக்கில் 84 வாட்-மணி, கைக்கு வருவது பாதியளவுதான். நாஸ், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 40 வாட் என்றால் புதிதில் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிர்ஷ்டம். வெட்டு முடியும் வரை ஓட்டுவது அதன் வேலையல்ல. அதன் யூஎஸ்பி கம்பியை நாஸில் செருகி, மின்சாரம் போய் 5 நிமிடத்தில் நாஸ் தானாக அணையும்படி அமையுங்கள். தினமும் அடி வரை வற்றவிட்டால் ஈய பேட்டரி ஒரு வருஷத்தில் மண்ணாகும். அது திரும்ப நிரம்ப 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். ஒரே நாளில் மூன்று வெட்டு வந்தால் மூன்றாவதற்குள் நிரம்பியிருக்காது. மின்சாரம் வந்த உடனே தானாக விழித்தெழும் அமைப்பையும் விட்டுவிடுங்கள். தெருவே ஒரே நேரத்தில் கீசர் போடும் அந்த முதல் சில நிமிடங்களில் மின்னழுத்தம் துள்ளும், மறுபடி போவதும் உண்டு.

ரவுட்டருக்கு விற்கும் மினி யூபிஎஸ்ஸில் நாஸைச் செருகக் கூடாது. அதிலும் 12 வோல்ட்தான், முள்ளும் பொருந்திவிடும், அதுதான் வினையே. தட்டுகள் நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும்போது டிஸ்க் ஒன்று 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு டிஸ்க் பெட்டியோடு வரும் அடாப்டர் பொதுவாக 5 ஆம்பியர் தரும், மினி யூபிஎஸ் தருவது 2 அல்லது 3. மின்னழுத்தம் சரிந்து, டிஸ்குகள் டிக் டிக் என்று முயன்று, நின்று, மறுபடி முயலும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று நினைத்து மாற்றுவார்கள், புதியதும் அதையே செய்யும்.

வீட்டுக்கே இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வைத்திருந்தால், அது மாறிக்கொள்ளும் 10, 20 மில்லிவிநாடியை நாஸின் அடாப்டர் பெரும்பாலும் தாங்கிவிடும். நம்பிக்கொண்டிராமல், தகவல் ஏற்றும் முன்பே மெயின் சுவிட்சை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

பெட்டியைச் சுவர் அலமாரிக்குள் அடைக்காதீர்கள். பிப்ரவரி டர்பனில் டிஸ்க் 45 டிகிரியைத் தாண்டினால் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். தரையிலும் வேண்டாம், 2022 ஏப்ரல் வெள்ளம் மறக்கவில்லை. ரெய்டு இருந்தாலும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் சித்தப்பா வீட்டு அலமாரியில் மூன்றாவது பிரதியோடு ஒரு யூஎஸ்பி டிஸ்க் இருக்கட்டும். திருடன் வந்தால் பெட்டியை இரண்டு டிஸ்கோடு சேர்த்துத்தான் தூக்குவான்.