தொட்டியில் மணல் மூட்டை போட்டு டிராக் பந்தயம் ஓட்டாதீர்கள்

போன வாரம் இன்னொரு பிக்கப்பைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். வலது பக்கக் கமான் கட்டில், அதாவது பின் ஆக்சிலைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அடுக்கில், மெயின் பட்டை முறிந்திருந்தது. என்ஜின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன்பக்க இணைப்பான கிராஸ் சிதறி, கீழே தொங்கிய ஷாஃப்ட் சுழன்று அடித்ததில் பிரேக் பைப் அறுந்துவிட்டது. கேபினின் பின்கண்ணாடியைக் காணோம். தொட்டியில் கிழிந்த மணல் மூட்டைகள் கிடந்தன. ஓட்டிய பையனுக்குத் தோள் எலும்பு முறிவு. "டிராக்குக்கு ரெடி பண்ணி பைபாஸ்ல ஒரு ட்ரையல் பாத்தோம்ணே" என்றார் கூட வந்தவர்.

இதே கதையோடு வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிராக் (drag) பந்தயம் ஓட்டுவதை நான் குறை சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டில் பாய்வது. அமெரிக்காவில் 1951-இல் தனிச் சங்கமே தொடங்கி, விதி வகுத்து நடத்துகிறார்கள். நம் பக்கத்தில், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் முறையான போட்டிகள் நடந்திருக்கின்றன. பிக்கப்பில் ஓட ஆசைப்படுவதிலும் தப்பில்லை. ஆனால் நெல்லும் உரமும் தேங்காயும் ஏற்றி நிதானமாக இழுக்கச் செய்த வண்டி அது. அதை ஒரே மிதியில் பாயச் சொல்லும்போது எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்புகிறீர்களே, அதுதான் கோபம்.

முதலில் அந்த மணல் மூட்டை. "தொட்டி காலியா இருந்தா பின்டயர் சும்மா சுத்துதுண்ணே, ரெண்டு மூட்டை போட்டா கிரிப் கிடைக்கும்." பட்டறைக்கு வருகிற எல்லோரும் இதையே சொல்கிறார்கள். பாதி உண்மை என்பதால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். காலித் தொட்டியோடு நிற்கும் பிக்கப்பில் எடையில் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல் இருக்கும்; பின்டயருக்குப் பிடிப்புக் குறைவு. சரி. ஆனால் கட்டாத மூட்டை நீங்கள் வைத்த இடத்தில் இருக்குமா? கிளட்சை விட்டதும் அது பின்னால் நகர்ந்து தொட்டியின் பின்கதவோரம் போய்ச் சேரும். ஆக்சிலுக்குப் பின்னால் எடை போனால் முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும். முடிவுக் கோடு தாண்டி பிரேக் மிதித்ததும் அதே மூட்டை எட்டு ஒன்பது அடித் தொட்டி முழுக்க வழுக்கிக்கொண்டு வந்து கேபினில் இடிக்கும். பின்சக்கரத்துக்குப் பிடிப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் எடை அங்கிருந்து ஓடிவிடுகிறது. பின்வீல் லாக் ஆகி வண்டி சுற்றிக்கொள்ளும். இது சும்மா பிரேக் பிடித்தாலே நடப்பது. 130 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் புளியமரத்தில் மோதினால் வண்டி நின்றுவிடும், மூட்டை நிற்காது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அந்த உச்சியிலிருந்து ஒரு மணல் மூட்டையை உங்கள் முதுகில் போட்டால் என்ன வேகத்தில் வந்து விழுமோ, ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் பின்கண்ணாடி வழியாக வரும்.

"கயித்தைப் போட்டு இறுக்கிக் கட்டிட்டா?" என்று கேட்காதீர்கள். கயிறு தளரும், சாக்கு கிழியும். எடை வேண்டுமென்றால் இரும்புத் தகடாக, ஆக்சிலுக்கு நேர் மேலே, தாழ்வாக, சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். அதற்கும் முன்னால் ஒன்று யோசியுங்கள்: ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவையும் அதே என்ஜின்தான் இழுக்க வேண்டும். பிடிப்பு இல்லை என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பங்கு எடைக் குறைவே இல்லை. கமான் பட்டை முறுக்கிக்கொள்வதுதான்.

அது எப்படி என்று கேளுங்கள். முழு விசையோடு கிளம்பும்போது, பின் ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்கின் மூக்கு மேலே எழும்புகிறது. பட்டை பாம்பு மாதிரி வளைகிறது. டயர் ஒரு நொடி வழுக்கியதும் பட்டை படாரென்று பழைய நிலைக்குத் திரும்புகிறது. டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி முறுக்குகிறது. பின்பக்கம் டக்கு டக்கென்று குதிப்பது இதனால்தான். அந்தக் குதிப்பில்தான் கிராஸ் உடைகிறது, பினியன் கியரின் பல் போகிறது, மெயின் பட்டை முறிகிறது. குதிக்க ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். பிடித்துவிடும் என்று இன்னும் மிதிக்கிறவர்கள்தான் கயிற்றில் வருகிறார்கள். பட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டின் இறுக்கம், சென்டர் போல்ட், பட்டைப் புஷ் மூன்றையும் பார்த்துவிட்டு, ஹவுசிங் திரும்பாமல் தாங்கும் டிராக்‌ஷன் பார் போடுங்கள். அதற்குப் பிறகு பிடிப்புப் போதவில்லை என்றால் எடையைப் பற்றிப் பேசலாம்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு வளையம் இல்லாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள். முன் கிராஸ் போனால் ஷாஃப்ட்டின் முனை தரையில் குத்தும். ஓடுகிற வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். 6 மில்லிமீட்டர் கனம், 50 மில்லிமீட்டர் அகலத்தில் இரும்புப் பட்டையை வளைத்து, முன் கிராஸிலிருந்து அரை அடிக்குள் ஷாஃப்ட்டைச் சுற்றி, சேஸிஸில் போல்ட் போட வேண்டும். எந்த வெல்டிங் பட்டறையிலும் அரை நாள் வேலை. என்ஜின் சக்தியைக் கூட்டப் போடும் எலக்ட்ரானிக் சிப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் இதற்கு யோசிக்கிறார்கள்!

சிப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிப் போடக் கேட்டு வருகிற வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்தால் கருக்காயும் வைக்கோல் தூசியும் கொட்டுகிறது. ரேடியேட்டர் இடுக்கெல்லாம் அதேதான். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், வண்டிக்கு உள்ள சக்தியாவது முழுதாக வரட்டும்.

பிரேக்கில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நிறைய பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோடு சேர்ந்த வால்வு இருக்கும். தொட்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து, லோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, பின்பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. அழகுக்காகப் பட்டையைக் கழற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தினால், லோடு ஏறியிருப்பதாக அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். காலி வண்டிக்கு லோடு வண்டியின் பின்பிரேக்! லாக் ஆகாமல் என்ன செய்யும்? நெல் ஏற்றக் கூடுதல் பட்டை சேர்த்த வண்டியில் இதற்கு நேர் எதிர், பின்பிரேக் போதுமான அளவு பிடிக்காது. பின்பக்க உயரத்தை மாற்றினால் அந்தக் கம்பியை அட்ஜஸ்ட் செய்யாமல் ரோட்டில் இறக்காதீர்கள். பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியது 140-க்கே கொதித்து மிதி தரைக்குப் போகும்.

தேய்ந்த டயரில் புது மேல்தோல் ஒட்டிய ரீட்ரெட் டயரோடு ஓடுதளத்துக்குப் போகவே கூடாது. லோடுக்கு உழைக்கும், ஒத்துக்கொள்கிறேன். இந்த முறுக்குக்கும் வேகத்துக்கும் மேல்தோல் உரிந்துவிடும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. அதையும், டயர் தாங்கும் வேகத்தைச் சொல்லும் குறியீட்டு எழுத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஜாக்கி, ஸ்பேனர், கயிறு, கொக்கி, தார்ப்பாய், ஸ்டெப்னி எல்லாம் இறங்க வேண்டும். பேட்டரி கிளாம்பு ஆடக் கூடாது. சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும் போடாதவரோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.

பைபாஸில் ட்ரையல் வேண்டாம் தம்பிகளா. விக்கிரவாண்டி சாலையோ வேதாரண்யம் பக்கமோ, ராத்திரியில் காலியாகத் தெரியும் ரோட்டில் அறுவடைக் காலத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். தார்ப்பாய் பறக்காமல் கல் வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே ஆள் படுத்திருப்பார். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் வரலாம். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாக 5,000. பந்தயமோ வேகச் சோதனையோ என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும்.

இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்கு எங்கள் டெல்டாவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க ஓட்டிப்போய் விடிந்ததும் வரிசையில் நிற்காதீர்கள். முதல் ஓட்டத்தை அரை மிதியில் ஓட்டி, வண்டி நேராகப் போகிறதா, நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச்சீட்டில் முதல் 60 அடியின் நேரத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். பட்டையும் டயரும் சரியாக வேலை செய்தனவா என்பது அதிலேயே தெரியும்.

ஊர் திரும்பியதும் அன்றைக்கே லோடு ஏற்ற வேண்டாம். யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள், மெயின் பட்டையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பின்சக்கர நட்டுகளையும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, அப்புறம் கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.